கை வைத்தவருக்கே வண்டி

என் கொழுந்தன் உதவி செய்ய வருகிறான் என்றால், வீட்டில் எது குறையப் போகிறது என்று முதலில் எண்ணிப் பார்த்துக்கொள்வேன். அதனால் அவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கொட்டகை வாசலில் வந்து நின்று, "அண்ணி, உங்க டிராக்டருக்கு ஹைட்ராலிக் லிஃப்ட் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டபோது எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. வண்டிச் சாவி எங்கே என்றுதான் தேடினேன். இடுப்பில் பத்திரமாக இருந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகப் படலாம். வழக்கத்தை ஆரம்பித்தவர் என் மாமனார். வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனாலோ குறைபட்டாலோ, யார் அதில் கை வைத்துச் சரிசெய்கிறாரோ அவருக்கே அது சொந்தம். பிள்ளைகள் சோம்பேறியாக வளரக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தாராம். ஆனால் மூத்த மகன், அதாவது என் கணவர், பேனாவுக்கு மை ஊற்றினாலே சட்டையெல்லாம் மை. இளையவன் மெக்கானிக். பிறகு கேட்க வேண்டுமா? சுவர்க்கடிகாரம் போயிற்று. தண்ணீர் மோட்டார் போயிற்று. நான் தினமும் தைத்துக்கொண்டிருந்த தையல் மிஷினில் நூல் அறுகிறது என்று வாய் தவறிச் சொன்னேன். எதையோ கழற்றினான், எதையோ மாட்டினான், மறுநாள் அது அவன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

மாமனார் போன பிறகு தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை என் நாத்தனார் எடுத்துக்கொண்டார். கூடப் பிறந்தவர்களில் மூத்தவர், குரலும் பெரிது. வந்து நின்று இரண்டே கேள்வி கேட்பார்: "வேலை முடிஞ்சுதா? யார் கை வச்சது?" அவர் வாயில் வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கென்று மிஞ்சியது அந்தக் குட்டித் தோட்ட டிராக்டர்தான். மாமனார் வாங்கியது, என்னைவிடச் சில வயதுதான் இளையது. இரும்பு பானெட், ஒற்றை சிலிண்டர் எஞ்சின், வயிற்றுக்கடியில் தொங்கும் புல்வெட்டும் கட்டர். பெரிய வீடுகளின் புல்வெளி, பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரி வளாகம் என்று அதை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அது இத்தனை நாள் என்னிடமே இருந்ததற்கு ஒரே காரணம், அது கெட்டுப்போனதாக யாரும் கேள்விப்படவில்லை என்பதுதான். பெல்ட் அறுந்தாலும் பிளக் கருகினாலும் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே மாற்றிவிடுவேன். இருமல் வந்தால்கூட வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டேன். எனக்கில்லை, வண்டிக்கு.

இப்போது கெட்டுப்போனது வண்டி இல்லை, என் வலது தோள். அந்தக் காலத்து வண்டி என்பதால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கட்டரைத் தூக்க ஒரு நீளமான இரும்புக் கைப்பிடியை, அதன் நுனிப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கியபடி, பின்னால் இழுக்க வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் மட்டும் நாற்பது தடவை. டாக்டர், "இந்தக் கையால இனிமே கனமா எதையும் இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "பாவம், உன்னால முடியலை, வண்டியைக் கொடுத்துடு" என்பார்கள். அதனால், கட்டரை எண்ணெய் அழுத்தத்தாலேயே தூக்கிவிடும் லிஃப்ட் பேச்சை இவன் எடுத்ததும், சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டேன். எனக்கு வேண்டியது அதுதான் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று அனுப்பிவிட்டேன்.

யோசிக்கவும் செய்தேன். வேறு மெக்கானிக்குகளைக் கேட்டதில், இவ்வளவு பழைய வண்டியைத் தொட மாட்டோம் என்று கையை விரித்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது போகிற போக்கில் கேட்பதுபோல், "ஏன் அக்கா, மாமா சொன்ன வழக்கத்துல மருமக கையும் கைதானே?" என்றேன்.

"கைன்னா கைதான். அதுல என்ன மக, மருமக?" என்றார் அவர். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எதுக்குக் கேக்கறே?" என்றார்.

"சும்மாதான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

மறுநாள் கொழுந்தனின் பட்டறைக்குப் போய் நிபந்தனையைச் சொன்னேன். "லிஃப்ட் போடலாம். ஆனா நீங்க வாயால சொல்லணும், நான் கையால செய்வேன். ஒரு நட்டைக்கூட நீங்க தொடக் கூடாது. சம்மதமா?"

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, "அதுக்கென்ன அண்ணி, அப்படியே செய்வோம்" என்றான். கரும்பு தின்னக் கூலி கிடைத்தவன்போல் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திருடன் பூட்டைப் பார்த்துச் சிரித்தால் வீட்டுக்காரிக்கு எப்படித் தூக்கம் வரும்?

மூன்று வாரம் வேலை நடந்தது. தினமும் மத்தியானம், பட்டறையை இரண்டு ஆட்களிடம் விட்டுவிட்டு வருவான். பேன்ட் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொள்வான். நான் கீழே படுத்துக் கிடப்பேன்.

முதல் நாளே ஒரு சின்ன நோட்டில் எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டான். எதற்கு என்றேன். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்று பார்த்து, லிஃப்டுக்கு எண்ணெய் தள்ளும் பம்புக்கு எவ்வளவு பெரிய புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், போடலாம் என்று கணக்குப் போட வேண்டுமாம். சரி என்று தலையாட்டினேன், நம்பவில்லை. கழற்றிய பழைய இரும்புக் கைப்பிடியை எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கச் சொன்னான், வேண்டுமானால் பழையபடி மாட்டிக்கொள்ளலாமாம். அதையும் நம்பவில்லை. என் கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன்.

பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டுக்கு இருவரும் போனோம். காரின் பவர் ஸ்டீயரிங் பம்பு ஒன்றே நமக்குப் போதும் என்றான். அங்கே ஏழெட்டுப் பம்பு குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றையும் என் கையில் எடுக்கச் சொன்னான்.

"தண்டைத் திருகிப் பாருங்க அண்ணி. கரகரங்குதா, வழுவழுன்னு போகுதா?"

"முப்பது வருஷ மெக்கானிக் நீங்க. நீங்க திருகிப் பாருங்களேன்."

"நான் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று சிரித்தான். கை பைக்குள்ளேயே இருந்தது.

வழுவழுவென்று போன ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதை வண்டியின் சட்டத்தில் மாட்ட ஒரு பிராக்கெட் செய்தோம், அதாவது நான் செய்தேன். எஞ்சின் புல்லியிலிருந்து பெல்ட் போய்ப் பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் ஒரு வால்வு வழியாக, புதிதாக மாட்டும் லிஃப்ட் சிலிண்டருக்குப் போய், சிலிண்டரின் தண்டு நீண்டு கட்டரைத் தூக்கும். வால்வை இன்னொரு பக்கம் தள்ளினால் இறக்கும். கேட்க எளிது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவன் செய்த ஆர்ப்பாட்டம்தான் தாங்கவில்லை.

"முதல் ரெண்டு சுத்து விரலாலேயே போடுங்க. ஸ்பேனரைத் தொடாதீங்க. மரை பிடிச்சுதா?"

"பிடிச்சிருக்கு."

"எப்படித் தெரியுது? விரலுக்கு என்ன தெரியுது, சொல்லுங்க."

"என்ன தெரியும்? நேராப் போகுது."

"கோணலாப் போனா எப்படி இருக்கும்?"

"ஒரு இழுப்பு இருக்கும். மணல் மாட்டின மாதிரி."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சாப்பிட்டவளிடம் ருசி கேட்கும் பட்டினிக்காரன் மாதிரி ஒரு முகம். இவனுக்கு ஏதாவது மரை கழண்டுவிட்டதா என்றுகூட நினைத்தேன்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று ஆயிற்று. இவன் திட்டம் இதுதான். என்னை வேலை செய்ய விடுவான். லிஃப்ட் வேலை தெரியாத நான் எங்கேயாவது எதையாவது உடைப்பேன். உடைந்தால் இவன் சரிசெய்வான். சரிசெய்தால் வண்டி இவனுக்கு! முதலிலிருந்து தானே செய்திருந்தால்கூட நான் ஏதாவது தகராறு பண்ணியிருப்பேன். இதில் நானே குழி வெட்டி நானே விழுவேன். இப்படி ஒரு மூளையை மாமனார் எந்த நேரத்தில் பெற்றாரோ என்று பல்லைக் கடித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று முறை சரிபார்த்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை எண்ணெய் போகும் ஹோஸ் குழாய்களை மாட்டி, எண்ணெய் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பினேன். நான் இருக்கையில், அவன் பக்கத்தில். வால்வைப் பின்னால் இழுத்தேன். மேலே போக வேண்டிய கட்டர், முட்டுக்கொடுத்திருந்த பலகைமேல் டமார் என்று இறங்கியது.

நான் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து நின்றேன். "உங்க வழிக்கு வந்துட்டீங்க பாருங்க! இதுக்குத்தானே காத்திருந்தீங்க? இப்ப நீங்க கை வச்சுச் சரிபண்ணுவீங்க, அக்கா வந்து தீர்ப்புச் சொல்லுவாங்க, வண்டியை ஓட்டிட்டுப் போவீங்க. அப்படித்தானே?"

அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "ரெண்டு ஹோஸையும் நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் அண்ணி. இதை அதுல போடுங்க, அதை இதுல போடுங்க. நீங்களே போடுங்க, நான் தள்ளியே நிக்கறேன்."

மாற்றிப் போட்டேன். கட்டர் ஏறியது. இரண்டு விரலால் வால்வை இழுத்தேன், தோளில் ஒரு சின்ன நோவுகூட இல்லை. நாலு மாதமாகப் பல்லைக் கடித்து இழுத்த கனம், தானாக எழுந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பார்க்கக் கூடாதென்று குனிந்து பெல்ட்டைப் பார்ப்பதுபோல் நடித்தேன்.

குழாய்க்குள் காற்று மாட்டியிருக்கும், அது வெளியேற இருபது முப்பது தடவை ஏற்றி இறக்க வேண்டும் என்றான். எஞ்சின் ஓட, நான் எண்ணிக்கொண்டே ஏற்றி இறக்கினேன். அவன் குனிந்து எண்ணெய்த் தொட்டியில் நுரை அடங்குகிறதா என்று பார்த்தான். இருபத்திரண்டோ இருபத்திமூன்றோ, எனக்கு ஏதோ கருகும் வாடை வந்தது. பெல்ட் தேய்கிறதோ என்று பதறித் திரும்பினேன்.

பெல்ட் இல்லை. குனிந்தவன், முதல்முறையாகப் பைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து வண்டிமேல் ஊன்றியிருந்தான். ஊன்றிய இடம் சைலன்சர். கால் மணி நேரமாக ஓடுகிற எஞ்சினின் சைலன்சர்.

"கை! தம்பி, கை!" என்று கத்தினேன்.

அவன் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான். பிறகு, மேஜைமேல் வைத்த கையை எடுப்பதுபோல் நிதானமாக எடுத்தான். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவன் அதைத் திருப்பிப் பார்த்து, "ரொம்பப் பட்டுடுச்சா?" என்று என்னைக் கேட்டான்.

குழாயடியில் அவன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டேன். அது என் பிடியில் கட்டையாகக் கிடந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஒரு வருஷமாகுது. சர்க்கரை. முதல்ல விரல் நுனி, அப்புறம் உள்ளங்கை. மரத்தே போச்சு அண்ணி. நட்டு கையில இருக்கா, கீழே விழுந்துடுச்சான்னு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன். போன தடவை ஒரு கஸ்டமரோட எஞ்சின்ல போல்ட்டைக் கோணலா ஏத்தி ஹெட்டையே உடைச்சுட்டேன். பழசு, அதான் உடைஞ்சுதுன்னு பொய் சொன்னேன்."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

"கையில்லாம வெறும் வாயால ஒரு வேலையை முடிக்க முடியுமான்னு பார்க்கணும். பட்டறையில பார்த்தா ஆளுங்களுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நாளைக்கே ஒரு ஈ வராது. உங்களைக் கேட்டுக்கலாம்னு வந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு முழிச்சுட்டு இருந்தப்ப, தொடாதேன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"என்னை ஏன்?"

"நீங்க இடது கையால சாவி திருப்பறதை நாலு மாசமா பாக்கறேன். உங்களுக்கும் லிஃப்ட் வேணும், நீங்களும் யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. நானும் அக்காகிட்ட சொல்லலையே."

ஆக, சும்மா வரவில்லை. நான் சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் இடம்தான் தப்பு. அப்போதுகூட என் மனசின் ஒரு மூலை, இதுவும் நடிப்பாக இருக்குமோ என்று கேட்டது. உரிந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, சீ, வாயை மூடு என்று அந்த மூலைக்குச் சொன்னேன். மருந்து தடவித் துணி சுற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், போகிறேன் என்றான். கட்டரை மேலே தூக்கிய நிலையிலேயே நிறுத்திவிட்டுக் கொட்டகையைச் சாத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை. மூன்று வாரமாகக் கொழுந்தன் இந்தப் பக்கம் வந்துபோவது அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அந்த ஊர் வாய்க்கே தாய்வாய் அவர். கொழுந்தனையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அவன் கையில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டு, வெள்ளை வெளேரென்று.

கட்டர் நேற்று மாலை நின்ற உயரத்திலேயே நின்றது. ராத்திரி முழுக்க ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கீழே தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு மரையும் என் விரல் வழியாகப் போனது. மூன்று வாரமாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பதில் நாக்கு நுனியில் நின்றது: என் கைதான் அக்கா, முழுக்க என் கை. அதைச் சொல்லிவிட்டால், இந்த ஜென்மத்துக்கும் வண்டி என்னுடையது.

நாத்தனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஆனால் அவர் கண் வண்டியில் இல்லை. "என்னடா கட்டு?" என்றார் தம்பியிடம்.

"சைலன்சர்ல பட்டுடுச்சுக்கா."

"முப்பது வருஷமா வண்டி பாக்கறவனுக்குச் சைலன்சர் சுடும்னு தெரியாதா? பட்டா வெடுக்குனு எடுக்க மாட்டே? இவ்வளவு பெரிய கட்டுப் போடற அளவுக்கா வச்சுட்டு நிப்பே? வழியிலகூடப் பார்த்தேன், எப்பப் பார்த்தாலும் பைக்குள்ள கை. என்னடா ஆச்சு உன் கைக்கு? இங்க காட்டு, விரலை மடக்கு பாப்போம்."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நாத்தனாருக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரியும், நாளைக்குப் பட்டறைக்குத் தெரியும். அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். நான்தான் செய்தேன் என்று நான் சொன்னால் அவர் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வியும் எனக்குத் தெரியும்: அப்ப நீ எதுக்குடா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தே?

நான் என் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். நகக்கண்ணெல்லாம் கருப்பு எண்ணெய், முட்டியெல்லாம் காயம்.

"வேலை மும்முரத்துல பட்டுது அக்கா" என்றேன். "போல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு, விட்டா நழுவிடும்னு விடலை. எல்லாம் தம்பி கைதான். நான் ஒரு ஸ்பேனர்கூட எடுத்துக் கொடுக்கலை."

சொல்லி முடித்ததும் பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரி வளாகம் எல்லாம் ஒரு நொடியில் கையை விட்டுப் போனதுபோல் இருந்தது. ஏன்டி, உனக்கு என்ன பைத்தியமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நாத்தனாருக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. தம்பியின் தோளில் தட்டினார். "அதானே பார்த்தேன். அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. அப்ப சொல்றதுக்கு என்ன இருக்கு? சாவியை அவன்கிட்ட கொடு." பிறகு வழக்கத்துக்காக, "வேலை முடிஞ்சுதில்லடா?" என்றார்.

அவன் வண்டியைப் பார்த்தான், சிலிண்டரைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவன் ஒரு தடவைகூட 'ஆமாம்' என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. எடுத்துக்கொள்வான், இவன் எடுத்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன்.

"இல்லைக்கா" என்றான். "இன்னும் முடியலை."

"என்னடா முடியலை? நல்லாத்தானே நிக்குது?"

"எண்ணெய் கசியுதுக்கா."

நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்தார். "எங்கே? ஒரு சொட்டைக் காணோமே."

"உள்ளுக்குள்ள கசியுது, வெளியே தெரியாது. பார்த்து மாத்த ரொம்ப நாளாகும். வருஷக்கணக்குலகூட ஆகலாம். அதுவரைக்கும் அண்ணி ஓட்டிட்டே இருக்கட்டும். நான் மத்தியானத்துல வந்து பார்த்துக்கறேன்."

நாத்தனார் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் சுருங்கியது. "நெஜமாவா?" என்றார்.

"ஆமா அக்கா" என்றேன். "நேத்தே நான் பார்த்தேன். நல்லாவே கசியுது."